நடைப்பிணங்களும் நாடாள்வோரும்

(பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

கொரிய நாட்டுப் பேய்த்தொடர் ஒன்றுக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று இவ்வுரையின் தலைப்பைக் கண்டவர் சிலர் கேட்டிருக்கக் கூடும். கேட்பது முறையே. ஆயின், இக்கரையின் இளைஞர்தம் கைப்பேசிகளைச் சற்றே எட்டிப் பார்த்தவர்க்கு அவ்வையம் எழாது. வலை கட்டிவிட்டு ஓதம் திரும்பும்வரை காத்திருக்கும் இரவு வேளைகளில் அவர்கள் கண்டு களிப்பன பெரும்பாலும் கொரியத் தொடர்கள். அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்; அந்நாட்டின் வரலாற்றை எப்பள்ளியிலும் படியாதவர். இருந்தும் உறக்கம் விட்டுப் பார்க்கின்றனர். தமிழ்த் திரைப்படங்கள் தங்களுக்குக் காட்டாத ஏதோ ஒன்றை அங்கே காண்கின்றனர் என்பது தெளிவு. அஃது யாது?

2019ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நெட்பிளிக்சு நிறுவனம் வெளியிட்ட ‘கிங்டம்’ என்னும் தொடரை எடுத்துக் கொள்க. எழுதியவர் கிம் உன்-கீ என்னும் பெண் எழுத்தாளர். முதற்பருவத்தில் ஆறு பகுதிகள்; 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மேலும் ஆறு; 2021ஆம் ஆண்டு சூலையில் ‘வடக்கின் ஆசின்’ என்னும் கிளைக்கதை. பிணங்கள் எழுந்து ஓடுகின்றன, கண்டாரைக் கடிக்கின்றன, கடியுண்டவரும் பிணமாகி எழுகின்றனர். இவ்வளவே என்றால் அதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த வேண்டுவதில்லை. பேய் வந்து மிரட்டும் படங்கள் எந்நாட்டிலும் மலிந்து கிடக்கின்றன. இத்தொடரில் கருதத்தக்கது, அந்நோய் எங்கே தொடங்கிற்று என்பதே.

சோசன் அரசின் மன்னன் பெரியம்மை நோயால் இறந்துவிடுகிறான். இளவரசன் இ-சாங் காமக்கிழத்தி வயிற்றுப் பிள்ளை. இளைய அரசியோ ஆட்சியைக் கைக்குள் வைத்திருக்கும் சோ குடியின் மகள். அவள் வயிற்றில் ஆண்மகவு பிறந்தால் அரியணை அக்குடிக்கு உரிமையாகும். அதுவரை மன்னன் இறந்தது வெளிப்படக் கூடாது. ஆகவே, இறந்தவனை எழுப்பும் ஒரு பூண்டைக் கொண்டு அவனை எழுப்பிச் சங்கிலியால் கட்டி வைக்கின்றனர். அரியணையில் இருப்பது பிணம். ஆணைகள் பிறப்பதோ பிணத்தின் பெயரால். மருத்துவருக்குத் துணைவனாய் அரண்மனைக்குச் சென்ற சிறுவன் கடியுண்டு மாண்டான். அவன் உடல் தெற்குக் கடற்கரையிலுள்ள தோங்னே நகரின் ஏழையர் மருந்தகம் ஒன்றுக்கு வந்து சேர்கிறது. அங்கே நாட்கணக்காய் உணவின்றிக் கிடக்கும் நோயாளிகள். ஒருவன் அவ்வுடலைக் குழம்பாக்கி மான் இறைச்சி என்று சொல்லி அனைவர்க்கும் ஊட்டிவிடுகிறான். அன்றிரவு அவர்கள் எழுகின்றனர்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். நோய் அரண்மனையில் பிறந்தது, பசியால் பரவியது. அரண்மனையோடு நின்றிருந்தால் கட்டிவைத்த ஒரு பிணத்தோடு அது முடிந்திருக்கும். பசியின்றி அம்மருந்தகத்தில் எவரும் அக்குழம்பைத் தொட்டிரார். மேலிருப்போரின் பதவி வேட்கையும் கீழிருப்போரின் வெறும் வயிறும் கூடிய இடத்தில் பேய் பிறக்கிறது. அந்தப் பேய்களுக்குத் தலைவிதியோ, முற்பிறப்புத் தீவினையோ, தெய்வத்தின் சீற்றமோ கரணியமாகக் காட்டப்படவில்லை. பெயர் சொல்லிக் குற்றவாளியைக் காட்டுகிறது அத்தொடர்.

இன்னும் சில காட்சிகள் உள. முதல் இரவின் கொடுமைக்குப் பின், கிடக்கும் பிணங்களைக் கதிர் மறையுமுன் எரித்துவிட வேண்டும் என்று மருத்துவப் பெண் சோபி மன்றாடுகிறாள். மேற்குடியினரின் உடலைச் சிதைப்பது மரபன்று எனத் தடுக்கின்றனர் குடிப்பெருமை பேசுவோர். எளியோர் உடலானால் தடையில்லை. சாவிலும் சாதி! பின்பு அந்த மேன்மக்கள் துறையிலிருந்த மரக்கலத்தில் ஏறிக்கொண்டு, மக்களைக் கரையில் விட்டுவிட்டு ஓடுகின்றனர். செல்வக்குடி மூதாட்டி ஒருத்தி தன் ஒரே மகனின் பிணத்தை எரிக்க மனமின்றிப் பெட்டியில் மறைத்து அக்கலத்தில் ஏற்றியிருக்கிறாள். அப்பெட்டி நள்ளிரவில் திறக்கிறது. கலம் கரை சேர்ந்தபோது அதில் உயிருள்ளோர் இல்லை.

இரண்டாம் பருவத்தில் வெளிப்படும் செய்தி இதனினும் கொடிது. சப்பானியர் படையெடுத்து வந்தபோது, எண்ணிக்கையில் குறைந்த சோசன் படை வெல்லும் வகையறியாது, சுமாங்சோன் என்னும் சிற்றூரின் நோயுற்ற மக்களைக் கொன்று, அப்பூண்டால் எழுப்பிப் பகைவர்மேல் ஏவிற்று. நாட்டைக் காத்த வெற்றி எனப் புகழப்பட்டது, உண்மையில் தன் குடிகளையே கொன்று பெற்ற வெற்றி. அவ்வூரில் உறவிழந்தவனே மருந்தகத்தில் குழம்பு காய்ச்சிய யோங்சின். நாட்டின் பெருநலத்துக்காக ஓர் ஊர் அழிந்தால் என்ன என்ற கேள்வியை அறியாதார் இக்கரையில் இல்லை. எனவே அதை விரிக்க வேண்டுவதில்லை.

குறைகளும் உள்ளன, அவற்றை மறைத்தல் முறையன்று. நோயுற்று ஓடும் பல்லாயிரவருக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. பசித்த மக்கள் பசித்த நிலையிலேயே ஒரு வெறிக்கூட்டமாகக் காட்டப்படுகின்றனர். அவர்களை அம்பெய்து வீழ்த்துவதைப் பார்வையாளர் கைதட்டிப் பார்க்கின்றனர். மீட்போனும் ஓர் இளவரசனே. அறிவால் நோயின் இயல்பைக் கண்டறிந்தவள் சோபி, உழைத்தவன் யோங்சின், கதைத்தலைவனோ அரசன் மகன். ஆனால் இறுதியில் எழுதியவர் அக்குறையை ஒருவாறு உணர்ந்தாற்போல் ஒன்றைச் செய்கிறார். அரசி கருவுற்றதாய் நடித்து, எளிய பெண்களின் பிள்ளைகளைக் கவர்ந்து அவற்றுள் ஒன்றைத் தன் மகவெனக் காட்டியிருந்தாள். உண்மை தெரிந்த பின்னும் இளவரசன் அப்பிள்ளையையே அரியணையில் விட்டுவிட்டுத் தான் விலகிச் செல்கிறான். காவலன் ஒருவனின் மகன் அரசனாகிறான். குருதி வழி ஆளும் உரிமையின் முகத்தில் விழுந்த அறை அது.

பேயையும் தெய்வத்தையும் வைத்து ஆட்சியைப் பேசுதல் தமிழர்க்குப் புதியதோ? அன்று. தூணைப் பிளந்து சிங்கம் வரும் இரணியன் கதையைக் காட்டிலும் பேய்க்கதை வேறுண்டோ? அதைப் பாவேந்தர் பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ எனத் தலைகீழாக்கி நாடகமாக்கினார். 1934ஆம் ஆண்டளவில் அது மேடையேறிற்று. தூணைப் பிளந்து வந்தது தெய்வமன்று, சூழ்ச்சி என்று காட்டினார். ஊர்ப்புறத்திலோ, முறையின்றிக் கொலையுண்டோர் தெய்வமாய் நின்று படையல் கேட்கும் வழக்கு இன்றும் நடக்கிறது. காத்தவராயனும் மதுரைவீரனும் ஆள்வோரால் மாண்டவர்கள், மாண்டபின் அஞ்சப்பட்டவர்கள். நெய்தல் நிலத்தார் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. தங்களுக்கு உணவளித்ததும், தங்களைக் கொல்ல வல்லதுமான ஒன்றின் எலும்பையே கும்பிட்ட கூட்டம் அது! பொய் மினுக்கில்லாத அச்சம். பொய் மினுக்கில்லாத நன்றி.

இத்தகைய மரபுடைய நாட்டில் திரைப்படத்தார் கடற்கரையை எவ்வாறு காட்டினர்? 1964இல் வந்த ‘படகோட்டி’ இரு மீனவக் கூட்டங்களைப் பகைமூட்டிப் பிழைக்கும் செல்வனைக் காட்டிற்று. அந்த அளவுக்குப் பாராட்டலாம். ஆயினும் அதன் மீனவர் பேச்சு மேடைப்பேச்சு. 1965இல் வந்த மலையாளச் ‘செம்மீன்’, கரையிலிருக்கும் மனைவி கற்புத் தவறினால் கடலிலிருக்கும் கணவனைக் கடலன்னை விழுங்குவாள் என்னும் நம்பிக்கையைக் கதையின் முதுகெலும்பாக்கிற்று. குடியரசுத் தலைவரின் பொற்பதக்கமும் பெற்றது. கலையழகு மிக்க படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மீனவன் கடலில் சாவதற்கு அவன் மனைவியின் நெஞ்சம் கரணியமா? ஓட்டைப் படகும், கடன்கொடுத்த தரகனும், வராத புயல் எச்சரிக்கையும் கரணியமா? அவ்வினாவை அப்படம் எழுப்பவில்லை. பின்வந்த எத்தனையோ படங்களும் எழுப்பவில்லை.

அண்மையில், 2025இல், ‘கிங்ஸ்டன்’ என்றொரு படம் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். கடலுக்குச் சென்றவர் பிணமாய்த் திரும்பும் சாவம். அதை முறியடிக்கப் புறப்படும் இளைஞன். கொரியத் தொடரோடு ஒப்பிடத்தக்க வகையில் கடலும் பேயும் போரும் கலந்த படம் தமிழில் வந்தது நன்று. நெய்தல் மக்களைத் தலைமாந்தராய் வைத்ததும் நன்று. ஆனால், மீனவன் கடலுக்குப் போக அஞ்சுவதற்கு ஒரு சாவத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது என்பதே வியப்பு. உண்மையான கரணியங்கள் கரையில் கொட்டிக் கிடக்கின்றனவே! இதற்கு மாறாக, 2011இல் வந்த ‘காஞ்சனா’ கூச்சலும் நகைப்பும் மிகுந்த படமேயாயினும் ஒன்றைச் சரியாகச் செய்தது. நிலத்தைக் கவர்ந்த ஆட்சியாளன் ஒருவனால் கொலையுண்ட திருநங்கையே அங்குப் பேய். பேய் யார், அவளைக் கொன்றவர் யார், எதற்காகக் கொன்றனர் என்று மூன்றுக்கும் அதில் விடை உண்டு.

அவ்வாறாயின், பழவேற்காட்டின் பேய்கள் யார்?

இவ்வூரின் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தை அறியாதார் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அதன் வாயிலில் செதுக்கியுள்ள எலும்புக்கூடுகளைக் கண்டு சிறுவர் அஞ்சுவர். சுற்றுலா வருவோர் படம் எடுப்பர். உள்ளே படுத்திருப்போர்க்குக் கல்வெட்டும் குடிச்சின்னமும் உண்டு. 1613இல் எழுந்த கெல்திரியாக் கோட்டையிலிருந்து ஒல்லாந்தர் சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்தினர். துணி ஏற்றினர், வெடிமருந்து செய்தனர். அத்தோடு நின்றிருந்தால் வணிகர் என்று விட்டுவிடலாம். 17ஆம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டிய காலங்களில், பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களை விலைக்கு வாங்கிக் கலமேற்றிப் பத்தாவியாவுக்கு அடிமைகளாய் அனுப்பினர். பஞ்சம் மிகுந்தபோது அடிமை விலை தாழ்ந்தது. விலை தாழ்ந்தபோது கலம் நிறைந்தது. தோங்னே மருந்தகத்துக் குழம்புக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கும் பசி, இங்கும் பசி. அங்கும் பசியைப் பயன்கொண்டவர் மேலிருந்தவர், இங்கும் அவ்வாறே.

விற்றவர்க்குக் கல்லறை உண்டு. விற்கப்பட்டவர்க்கு ஒரு நடுகல் இல்லை. கொரிய எழுத்தாளர் ஒருவர் இங்குப் பிறந்திருந்தால், அவர் தொடரின் முதற்காட்சி எங்கே தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ‘ஆசின்’ கதைக்கு வருவோம். இக்கரைக்கு மிக அணுக்கமானது அதுவே. ஆசின் எல்லைப்புறத்தாள். அவள் இனத்தார் சோசன் நாட்டின் வடவெல்லையில் குடியேறி, அந்நாட்டுக்கே ஒற்றராய் உழைத்தவர்; எனினும் சோசன் மக்கள் அவர்களைத் தம்மவராய் ஏற்கவில்லை; எல்லைக்கப்பால் இருந்தவரும் ஏற்கவில்லை. இரு ஆட்சிகளும் தத்தம் நலத்துக்காக அவளது ஊரைப் பலியிட்டன. அவள் கையிலெடுத்ததே அந்தப் பூண்டு. தொடர் முழுவதும் ஓடிய நோயின் வேர், கைவிடப்பட்ட ஓர் எல்லைப்புற ஊர் என முடிகிறது.

பழவேற்காட்டு ஏரியும் எல்லைப்புறமே. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. படாசுகர் பரிந்துரைப்படி 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது; பொன்னேரி வட்டத்துச் சில ஊர்கள் அங்கே சென்றன. ஏரியின் மிகப் பெரும்பரப்பு இன்று ஆந்திரத்தில். நிலத்தில் கல் நடலாம். நீரில் என்ன நடுவது? மடவையும் நண்டும் எந்த மாநிலத்தன? வடகரைக் குப்பங்களிலும் தமிழ் பேசும் பட்டினவர் உளர். தென்கரையார் எல்லை தாண்டினர் என்று அவர்களும், அவர்கள் தாண்டினர் என்று இவர்களும் வலையைப் பறித்துப் பூசலிட நேர்கிறது. ஒரே குலத்தார், ஒரே மொழியார், ஒரே நீரில்! கோடு கிழித்தவர்க்கு இதில் வலையும் இல்லை, இழப்பும் இல்லை. கிழக்கே சிறீஅரிகோட்டாவில் ஏவுகலம் எழும் நாள்களில் கடலுக்குச் செல்லலாகாது என்று ஆணை வரும். ஏவுகலம் எழுவதில் எவர்க்கும் பெருமையே. அந்நாள் கூலி எங்கே என்று கேட்பவனைத்தான் நாட்டுப்பற்றில்லாதவன் என்பர்.

வெளியிலிருப்போரைச் சாடிவிட்டு ஊருக்குள் நடப்பதை மறைப்பது நேர்மையன்று. ‘பாடு’ என்பதை இங்குள்ளார்க்கு விளக்க வேண்டுவதில்லை. வெளியூரார்க்குச் சில சொற்கள். இறால் மிகும் இடங்களைக் குறித்து, அங்கு வலை கட்டும் முறைநாளைக் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குள் சீட்டெடுத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமல் தடுத்த அறிவுடைய முறை. ஆட்சியர் எவரும் எழுதித் தாராமல், மக்களே தமக்கு வகுத்துக்கொண்ட சட்டம். ஆனால் அப்பாட்டில் இடமில்லாதவர் உளர். இருளர் குடியினர் ஆழமில்லா நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் இடுகின்றனர். அவர்க்குப் படகுமில்லை, பாடுமில்லை, சீட்டுமில்லை. கொரியத் தொடரில் மேற்குடிப் பிணத்தை எரிக்கலாகாது என்று தடுத்தவரைக் கண்டு சிரிக்கும் இளைஞர், இதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றி இங்கு நீட்டிப் பேச வேண்டா. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம். அதில் ஒரு பெரும்பங்கு கடலைத் தூர்த்துப் பெறும் நிலம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021ஆம் ஆண்டு சனவரிக்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. கடல்நீரோட்டம் தடைப்பட்டால் எக்கரையில் மணல் சேரும், எக்கரையைக் கடல் அரிக்கும், கழிமுகம் எப்போது அடைபடும் என்பதை வரைபடம் பாராமலே சொல்லவல்ல முதியோர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர். கழிமுகம் அடைந்தால் கடலிலிருந்து இறாற்குஞ்சு ஏரிக்குள் வாராது. ஏரியில் உப்பு மாறும். பாட்டுக்குச் சீட்டெடுத்தும் வலை வெறுமையாய் வரும். திரைப்படத்தார் இதற்கு ஒரு சாவத்தைத் தேடி அலைய வேண்டா.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டியது சிறிது உண்டு. கொரியரும் தமிழரும் ஒரே இனத்தார் என்றும், ‘அப்பா’, ‘அம்மா’ எனும் சொற்கள் அதற்குச் சான்று என்றும் பேசி மகிழ்வோர் பெருகிவிட்டனர். மழலைச் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருத்தல் இயல்பே. அதைக் கொண்டு உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. கொரியரிடம் கற்க வேண்டுவது வேறு. சப்பானியர் ஆட்சியில் அவர்கள் மொழி பள்ளியினின்று விலக்கப்பட்டது. பெயரையும் சப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். அகரமுதலி தொகுத்த குற்றத்துக்காக 1942ஆம் ஆண்டு முதல் கொரிய மொழிக் கழகத்தார் சிறையிடப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிபோன கையெழுத்துப்படி 1945இல், விடுதலைக்குப் பின், சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கில் கிடைத்தது. அவ்வாறு காக்கப்பட்ட மொழியில்தான் இன்று பேயும் பேசுகிறது. உலகம் உறக்கமின்றிக் கேட்கிறது.

அத்தொடரைத் தமிழில் விளக்க வந்தவர்களோ, எழுந்து நடக்கும் பிணத்துக்குச் ‘சாம்பி’ என்று எழுதுகின்றனர். ‘நடைப்பிணம்’ என்ற சொல் தமிழன் நாவில் எத்தனை காலமாய் இருக்கிறது! உயிரிருந்தும் உணர்வற்றவனைச் சுட்ட வைத்த சொல். கிம் உன்-கீயின் கதைக்கு அதனினும் பொருந்திய சொல் வேறு கிடைக்குமா? இக்கரையின் வலைப்பெயர், மீன்பெயர், காற்றின்பெயர் எதுவும் அகரமுதலிகளில் முழுமையாய் ஏறவில்லை. வாடை, கொண்டல், கச்சான் என மூன்றை நகரத்தான் அறிவான். அவற்றினிடையே நுணுகி வேறுபடும் காற்றுகளுக்கு முதியோர் வழங்கும் பெயர்களை அவன் அறியான். நாளைக்கு இக்கரையைப் பற்றி ஒரு தொடர் எடுக்க எவரேனும் வந்தால், அச்சொற்களை எங்கே சென்று தேடுவார்? படித்த இளைஞர் இருவர் மூவர் சேர்ந்து, ஒரு தாளேடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு, முதலில் இருளர் குடியிருப்புக்குச் சென்று, கையால் இறால் தடவும் பெண்களிடம் சேற்றின் வகைகளுக்கு என்னென்ன பெயர் என்று கேட்டு எழுதத் தொடங்கலாம்.